காசு காணோமா? ஏட்டைப் பாருங்கள்!

வீட்டுப் பெட்டியில் வைத்த நூறு ரூபாயைக் காணோம் என்றால் என்ன செய்வோம்? பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்போம். துணிகளை உதறிப் பார்ப்போம். அங்கும் இல்லையென்றால் எடுத்தவர் யார் என்று விசாரிப்போம். பணம் ஒரு பொருள். அது ஏதோ ஓர் இடத்தில் இருந்துதான் ஆக வேண்டும். இதுவே நமக்குப் பழகிய முறை.

இப்பொழுது வேறொரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். திருவொற்றியூரில் ஓர் இளைஞர் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சிறிது சிறிதாகக் கிரிப்டோ நாணயம் வாங்கியிருக்கிறார். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கிய பணம் அது. ஒருநாள் இரவு கைப்பேசியில் வாலட் செயலியைத் திறக்கிறார். இருப்பு: பூஜ்யம்!

பதற்றத்தில் அவர் மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்யக்கூடும். செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம். கடையில் கொடுத்துக் கைப்பேசியை அழித்துச் சரிசெய்யச் சொல்லலாம். அல்லது இணையத்தில் தேடிக் கிடைத்த 'உதவி மைய' எண் ஒன்றைக் கூப்பிடலாம். மூன்றுமே ஆபத்தானவை. காசு உண்மையில் பத்திரமாக இருந்திருந்தால்கூட, இவற்றில் ஏதேனும் ஒன்றால் அது நிரந்தரமாகப் போய்விடலாம்.

ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் பழக்கம் ஒன்று இங்கே கைகொடுக்கும். அம்மீட்டரின் முள் பூஜ்யத்தில் நின்றால், மின்னோட்டமே இல்லை என்று உடனே எழுதிவிடுவதில்லை. கம்பி கழன்றிருக்கிறதா, கருவி பழுதா என்று பார்க்கிறோம். வேறொரு கருவியை வைத்து அளக்கிறோம். கருவி காட்டும் அளவு வேறு. இயற்கையில் உள்ள அளவு வேறு. வாலட் செயலியும் ஒரு கருவிதான். அது அளப்பது எதனை என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

கைப்பேசிக்குள் காசு இல்லை

கிரிப்டோ நாணயம் கைப்பேசிக்குள் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை! அப்படியானால் எங்கே இருக்கிறது? ஓர் ஏட்டில் வெறும் பதிவாக இருக்கிறது.

இது நமக்குப் புதிய கருத்தன்று. திருவொற்றியூர் தியாகராசசுவாமி கோயிலுக்குச் சென்றவர்கள் சுவர்களில் உள்ள பழைய கல்வெட்டுகளைப் பார்த்திருக்கலாம். நந்தா விளக்கு எரிக்க இன்னார் இத்தனை கழஞ்சு பொன் கொடுத்தார், இத்தனை ஆடு விட்டார் என்ற செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் நிரம்ப உண்டு. பொன்னும் ஆடும் சுவருக்குள் இல்லை. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், யார் பொறுப்பு என்ற பதிவுதான் சுவரில் இருக்கிறது. அதை எவரும் படிக்கலாம். ஊரறியப் பொறித்ததை ஒருவர் இரகசியமாகத் திருத்துவது கடினம்.

பிட்காயினின் ஏடும் அதுபோலப் பொதுவானது. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதியவர் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் இதன் திட்டத்தை வெளியிட்டார். 2009 சனவரி 3-ஆம் நாள் ஏட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது. அன்றிலிருந்து நடந்த கொடுக்கல் வாங்கல் அத்தனையும் அதில் வரிசையாக உள்ளன. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் முழுப்படிகள் இருக்கின்றன.

ஏட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'பிளாக்' என்று பெயர். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் சேர்கிறது. ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் அதற்கு முந்தைய பிளாக்கின் 'கைரேகை' எழுதப்பட்டிருக்கும். இந்தக் கைரேகை 256 இருமக் குறிகள் கொண்ட ஓர் எண். பழைய பக்கத்தில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் கைரேகை அடியோடு மாறிவிடும். உடனே அடுத்த பக்கத்தில் உள்ள கைரேகையோடு அது பொருந்தாது, திருட்டு வெளிப்பட்டுவிடும். பக்கங்கள் இவ்வாறு சங்கிலிபோலப் பிணைந்திருப்பதால்தான் 'பிளாக்செயின்' என்கிறார்கள்.

வங்கியிலும் நம் பணம் ஏட்டுப் பதிவுதானே என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் வங்கி ஏட்டைத் திருத்த அதிகாரம் பெற்ற ஒருவர் இருக்கிறார். தவறாகப் போன பணத்தைத் திருப்ப மனுக் கொடுக்கலாம். பிட்காயின் ஏட்டுக்கு மேலாளர் கிடையாது. அதன் பலமும் இதுதான்; ஆபத்தும் இதுதான்.

சாவியும் முகவரியும்

காசு ஏட்டில் இருக்கிறதென்றால் கைப்பேசியில் என்னதான் இருக்கிறது? சாவி இருக்கிறது. சாவி என்பது மிகப் பெரிய ஓர் எண். அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டு 'முகவரி' பெறப்படுகிறது. முகவரியை யாருக்கும் சொல்லலாம். வீட்டு வாசலில் தொங்கும் கடிதப் பெட்டி போன்றது அது. சாவியை யாருக்கும் சொல்லக் கூடாது. "இந்த முகவரியில் உள்ள காசை அந்த முகவரிக்கு மாற்று" என்ற கட்டளையில் சாவியைக் கொண்டு கையொப்பமிட்டால்தான் ஏட்டில் அது பதிவாகும்.

முகவரியைத் தெரிந்தவர் திரும்பக் கணக்கிட்டுச் சாவியைக் கண்டுபிடித்துவிட முடியாதா? ஒரு சிறு சோதனை செய்வோம். 89-ஐ 97-ஆல் பெருக்குங்கள். அரை நிமிடத்தில் 8633 என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் 8633 என்ற எண்ணை மட்டும் கொடுத்து, எந்த இரு எண்களின் பெருக்கம் என்று கேட்டிருந்தால்? நெடுநேரம் வகுத்துப் பார்த்திருப்பீர்கள். முன்னோக்கிப் போவது எளிது. பின்னோக்கி வருவது அரிது. கிரிப்டோவில் பயன்படும் கணக்கு வேறு வகையானது. ஆனால் இயல்பு இதுவே.

அவ்வளவு பெரிய எண்ணை மனிதர் எழுதி வைத்துக்கொள்வது கடினம். ஆகவே பெரும்பாலான வாலட்டுகள் அதனைப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களாக மாற்றித் தருகின்றன. இதற்கென 2048 சொற்கள் கொண்ட பட்டியல் உண்டு. 2048 என்பது 2¹¹. ஆகவே ஒரு சொல் 11 இருமக் குறிகளுக்குச் சமம். 12 சொற்கள் 132 குறிகளுக்குச் சமம். இவற்றுள் 128 குறிகள், ஒரு நாணயத்தை 128 முறை சுண்டி, பூவா தலையா என்று குறித்ததுபோல எந்த ஒழுங்குமின்றி வருபவை. மீதி 4 குறிகள் எதற்கு? அவை சரிபார்ப்புக் குறிகள்.

சரிபார்ப்புக் குறி என்றால் என்ன? வடசென்னையில் வாழ்பவர்கள் அன்றாடம் அதைப் பார்க்கிறார்கள்! எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு கன்டெய்னரிலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதியிருக்கும். கடைசி இலக்கம் மட்டும் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். அதுதான் சரிபார்ப்பு இலக்கம்.

சி, எஸ், கியூ, யு என்ற எழுத்துகளும் 305438 என்ற எண்ணும் உள்ள கன்டெய்னரை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு: ஏ என்பது 10, பி என்பது 12, சி என்பது 13 என்று வரிசையாகப் போகும், 11, 22, 33 ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். அதன்படி நம் நான்கு எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. இவற்றையும் அடுத்த ஆறு இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று 512 வரை பெருக்கிக் கூட்டினால்,

13 + 60 + 112 + 256 + 48 + 0 + 320 + 512 + 768 + 4096 = 6185.

இதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. (மீதி 10 வந்தால் 0 என்று கொள்வார்கள்.) கட்டத்துக்குள் இருக்க வேண்டிய இலக்கம் 3. எழுத்தர் அவசரத்தில் 54 என்பதை 45 என்று மாற்றி எழுதிவிட்டால், கூட்டுத்தொகை 6249 ஆகும். மீதி 1 ஆகிவிடும். கட்டத்தில் உள்ள 3-உடன் பொருந்தாததால் பிழை அங்கேயே பிடிபடும். இல்லாவிட்டால் சிங்கப்பூருக்குப் போக வேண்டிய சரக்கு வேறெங்கோ போய்ச் சேரலாம் அல்லவா?

பன்னிரண்டு சொற்களிலும் இதே தத்துவம்தான். ஒரு சொல்லைத் தவறாகத் தட்டினால், பதினாறில் பதினைந்து முறை வாலட் "இது சரியில்லை" என்று சொல்லிவிடும்.

துப்புத் துலக்கும் முறை

இப்பொழுது நம் இளைஞரிடம் திரும்புவோம். அவர் செய்ய வேண்டிய முதல் காரியம் ஏட்டைப் பார்ப்பது. 'பிளாக் எக்ஸ்புளோரர்' எனப்படும் இணையதளங்களில் எந்த முகவரியையும் இட்டு, அதன் வரவு செலவைக் காணலாம். இதற்கு முகவரி மட்டும் போதும். சாவியையோ பன்னிரண்டு சொற்களையோ கேட்கும் தளம் ஏடு காட்டும் தளமே அன்று. ஏட்டைப் பார்த்தபின் கிடைக்கும் விடைகளைப் பிரித்துக்கொள்வோம்.

முதல் வகை: ஏட்டில் காசு இருக்கிறது, செயலியில் இல்லை. இது கருவியின் கோளாறு. காசு போகவில்லை. காரணங்கள் சில உண்டு.

செயலி தானாக ஏட்டைச் சுமப்பதில்லை; ஏதோ ஒரு கணினியைக் கேட்டுத்தான் இருப்பைக் காட்டுகிறது. அந்தக் கணினியோடு தொடர்பு அறுந்தாலோ, செயலி பழையதாக இருந்தாலோ பூஜ்யம் காட்டலாம். சில நாணயங்கள் எத்தீரியம் போன்ற பெரிய ஏட்டின்மேல் 'டோக்கன்' என்ற பெயரில் உலவுகின்றன. அந்த டோக்கனைச் செயலியின் பட்டியலில் சேர்க்காவிட்டால் அது கண்ணில் படாது. மேலும், ஒரே முகவரி எத்தீரியம், பாலிகான் போன்ற பல ஏடுகளிலும் செல்லும். காசு ஓர் ஏட்டில் இருக்க, செயலி இன்னோர் ஏட்டைக் காட்டிக்கொண்டிருக்கலாம். இராயபுரம் வங்கிக் கிளையில் போட்ட பணத்தை வேறு வங்கியில் போய்க் கேட்பது போன்றது இது!

பன்னிரண்டு சொற்களிலிருந்து ஒரு சாவி மட்டுமன்று, எத்தனையோ சாவிகள் கிளைக்கின்றன. புதிய செயலியில் சொற்களை இட்டபின் வேறு கிளை திறந்தாலும் பூஜ்யமே தெரியும். சிலர் பன்னிரண்டு சொற்களோடு கூடுதல் கடவுச்சொல் ஒன்றையும் வைத்திருப்பார்கள். அதில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு வாலட் ஒன்று காலியாகத் திறக்கும். பிழை என்ற அறிவிப்புக்கூட வராது.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து பொறுமைதான். ஆனால் ஒரு நிபந்தனை: பன்னிரண்டு சொற்கள் காகிதத்தில் எழுதிக் கையில் இருக்கின்றன என்று உறுதி செய்துகொள்ளாமல் செயலியை நீக்கவே கூடாது. சாவி இருக்கும் ஒரே இடம் அந்தச் செயலியாக இருந்துவிட்டால்?

இரண்டாம் வகை: சில்லறைக் குழப்பம். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து நூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் நானூறு ரூபாய் சில்லறை வருகிறது. பிட்காயினும் அப்படியே. 0.5 காசு வந்த முகவரியிலிருந்து 0.1 செலவிட்டால், 0.5 முழுவதும் வெளியேறும். 0.1 விற்றவருக்குப் போகும். சிறிதளவு கட்டணமாகப் போகும். மீதி ஏறத்தாழ 0.4 உங்களுடைய இன்னொரு புதிய முகவரிக்கு வரும். ஏட்டில் பழைய முகவரியை மட்டும் பார்த்தால் பூஜ்யம்! திருடு போய்விட்டது என்று அலறுவதற்குமுன், அந்த 0.4 எங்கே போயிற்று என்று பார்த்து, அந்த முகவரி செயலியின் முகவரிப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் வகை: காசு வழியில் இருக்கிறது. கட்டளை அனுப்பப்பட்டது, ஆனால் இன்னும் எந்தப் பிளாக்கிலும் ஏறவில்லை. குறைந்த கட்டணம் கொடுத்திருந்தால் பல மணி நேரம் காத்திருக்க நேரும். பிளாக்கில் ஏறும்வரை காசு அனுப்பியவர் பெயரிலேயே இருக்கும்.

நான்காம் வகை: தவறான இடம். எக்ஸ்.ஆர்.பி என்ற நாணயத்தை ஒரு பரிமாற்ற நிறுவனத்துக்கு அனுப்பும்போது, முகவரியோடு 'டேக்' எனப்படும் எண் ஒன்றையும் எழுத வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் முகவரி ஒன்றே. யாருடைய காசு என்பதை அந்த எண்தான் சொல்லும். அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கடிதம் வந்துவிட்டது, வீட்டு எண் இல்லை! நிறுவனத்திடம் எழுதிக் கேட்டால் மீட்க வழியுண்டு. யாருக்கும் சாவி தெரியாத முகவரிக்குப் போய்விட்டாலோ, மீட்பே இல்லை.

ஐந்தாம் வகை: நீங்கள் அனுப்பாமலே வெளியேறிய பதிவு ஏட்டில் இருக்கிறது. பதிவு நேரத்தைப் பாருங்கள். பல தளங்களில் அது கிரீன்விச் நேரத்தை ஒட்டியிருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 20:00 என்றிருந்தால் நமக்கு மறுநாள் அதிகாலை 1.30. அந்நேரம் நீங்கள் உறங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றால் சாவி வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது. அல்லது படிக்காமல் கையொப்பமிட்ட ஏதோ ஓர் 'அனுமதி' பயன்பட்டிருக்கிறது. போன காசு தானாகத் திரும்பாது. பழைய சொற்களை அப்படியே விட்டுவிட்டு, முற்றிலும் புதிய சொற்களைக் கொண்ட வாலட்டுக்கு எஞ்சியதை உடனே மாற்ற வேண்டும். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். பரிவர்த்தனை எண், முகவரிகள், நேரம் ஆகியவை ஏட்டில் அழியாமல் இருப்பதால் அவையே சாட்சி.

ஆறாம் வகை: காசு ஏட்டில் இருக்கிறது, சாவியைத்தான் காணோம். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொன்னைப் போலப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், எடுக்க முடியாது. எல்லாச் சாவிகளையும் முயன்று பார்த்தால் என்ன? 2¹²⁸ என்பது ஏறத்தாழ 3.4 × 10³⁸. விநாடிக்கு இலட்சம் கோடி வீதம் முயன்றாலும் அத்தனையையும் சோதிக்க 10¹⁹ ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அண்டத்தின் வயதோ சுமார் 1380 கோடி ஆண்டுகள்தான். அதைப்போல 78 கோடி மடங்கு காத்திருக்க வேண்டும்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பதினொரு சொற்கள் தெரிந்து ஒன்று மட்டும் மறந்திருந்தால் 2048 வாய்ப்புகளே உள்ளன. அவற்றிலும் சரிபார்ப்பில் தேறுபவை 128 மட்டுமே. பன்னிரண்டும் தெரிந்து வரிசை மட்டும் மறந்திருந்தால், வாய்ப்புகள் 47,90,01,600. தேறுபவை ஏறத்தாழ மூன்று கோடி. கணினிக்கு இது பெரிய வேலையன்று. உரியவருக்கு இது ஆறுதல். அதே சமயம், "முழுவதும் வேண்டாம், பத்துப் பதினொரு சொற்களை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்பவன் ஏன் கேட்கிறான் என்பதும் இப்பொழுது விளங்குகிறதல்லவா?

ஜெய்ப்பூரில் ஒரு மரணம்

ஏட்டைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்திய மண்ணைத் தொட்ட ஒரு நிகழ்ச்சியே சான்று. கனடாவில் 'குவாட்ரிகா' என்ற பரிமாற்ற நிறுவனத்தை நடத்திவந்தவர் ஜெரால்டு காட்டன். அவர் 2018 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்திருந்தபோது ஜெய்ப்பூரில் நோயுற்று இறந்தார். வாடிக்கையாளர்களின் காசுக்குரிய சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லப்பட்டது. சாவியோடு செல்வமும் புதைந்துவிட்டது என்று உலகம் பேசிற்று.

நீதிமன்றம் நியமித்த தணிக்கையாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏட்டைப் பார்த்தார்கள். காசு சேமித்து வைத்திருந்ததாகக் கருதப்பட்ட ஆறு முகவரிகளுள் ஐந்து, 2018 ஏப்ரலிலிருந்தே காலியாக இருந்தன. அதாவது அவர் இறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே! காணாமற் போனது சாவியன்று, காசு. 2020-இல் ஒண்டாரியோ மாநிலப் பங்குச்சந்தை ஆணையம் ஆராய்ந்து, நடந்தது மோசடியே என்று அறிவித்தது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். ஆறாம் வகை என்று எல்லாரும் நம்பியது, ஏட்டைப் பார்த்ததும் ஐந்தாம் வகை என்று தெரிந்தது.

சாவி பிறர் கையில்

இன்னொரு நிகழ்ச்சி நமக்கு இன்னும் அருகில் உள்ளது. பலர் தாமே சாவியை வைத்துக்கொள்வதில்லை. பரிமாற்ற நிறுவனத்தில் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அங்கே செயலி காட்டும் இருப்பு பொது ஏட்டில் உங்கள் பெயரில் உள்ளதன்று. அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கேட்டில் உள்ள வரி. பொது ஏட்டில் காசு நிறுவனத்தின் முகவரியில்தான் இருக்கும்.

2024 சூலை 18-ஆம் நாள் இந்தியாவின் பெரிய பரிமாற்ற நிறுவனங்களுள் ஒன்றான வசீர்எக்ஸின் வாலட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலர், அதாவது 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. அந்த வாலட்டுக்கு ஒரு சாவியல்ல, ஆறு சாவிகள்! ஐந்து சாவிகள் வசீர்எக்ஸிடமும் ஒன்று லிமினல் என்ற காவல் நிறுவனத்திடமும் இருந்தன. முன்னதில் மூவரும் பின்னதும் கையொப்பமிட்டால்தான் காசு நகரும். இருந்தும் எப்படிப் போயிற்று? திரையில் காட்டப்பட்ட கட்டளை ஒன்று, உண்மையில் கையொப்பமானது வேறொன்று என்று வசீர்எக்ஸ் தெரிவித்தது. தவறு தம்முடையதன்று என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. வடகொரியாவைச் சேர்ந்த இணையத் திருடர்களின் கைவரிசை என்று அமெரிக்கா, சப்பான், தென்கொரியா ஆகிய நாடுகள் 2025 சனவரியில் கூட்டாக அறிவித்தன. கருவி காட்டியதை அப்படியே நம்பியதன் விலை எவ்வளவு என்று பாருங்கள்!

திருட்டுக்குப்பின் எல்லா வாடிக்கையாளர்களின் கணக்குகளும் முடக்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவர் 2024 சனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்.ஆர்.பி நாணயம் வாங்கியிருந்தார். அவருடைய வாதம் எளியது: திருடப்பட்டவை எத்தீரியம் ஏட்டின்மேல் உலவும் டோக்கன்கள், என்னுடையவை அவையல்ல, பிறகு நான் ஏன் நட்டத்தைச் சுமக்க வேண்டும்?

நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபர் 25-ஆம் நாள் தீர்ப்பளித்தார். கிரிப்டோ நாணயம் தொட்டுணரக்கூடிய பொருளுமன்று, அரசு வெளியிடும் பணமுமன்று. ஆயினும் அது ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கத்தக்க சொத்து, மற்றொருவர் பொறுப்பில் நம்பிக்கையாக ஒப்படைக்கத்தக்க சொத்து என்று அவர் கூறினார். திருடப்பட்ட நாணயங்களும் மனுதாரரின் நாணயங்களும் வெவ்வேறு என்ற வேறுபாட்டையும் ஏற்று, இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். இராயபுரத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள நீதிமன்றத்தில், எந்த நாணயம் எந்த ஏட்டில் இருந்தது என்ற கேள்வியே வழக்கின் உயிர்நாடியாயிற்று!

இரண்டாவது திருட்டு

காசை இழந்தவரைக் குறிவைத்து இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. "உங்கள் காசை மீட்டுத் தருகிறோம்" என்று வருபவர்கள் இவர்கள். முதலில் ஆறுதல் சொல்வார்கள். பிறகு முன்கட்டணம் கேட்பார்கள். அல்லது "வாலட்டைச் சரிபார்க்க" என்று பன்னிரண்டு சொற்களைக் கேட்பார்கள். அல்லது கைப்பேசித் திரையைத் தங்களுக்குக் காட்டும் செயலியை ஏற்றச் சொல்வார்கள்.

நாம் கற்றதை வைத்தே இவர்களை எடைபோடலாம். ஏட்டைப் படிக்க முகவரி போதும். ஆகவே சொற்களைக் கேட்பவர் படிக்க வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார். ஏட்டில் பதிவானதைத் திருப்ப மேலாளர் எவரும் இல்லை. ஆகவே "திருப்பிவிடுவோம்" என்று உறுதி சொல்பவர் பொய் சொல்கிறார். சாவி இல்லாமல் திறக்க அண்டத்தின் வயது போதாது. ஆகவே அதற்கென்று மென்பொருள் விற்பவரும் பொய் சொல்கிறார். உண்மையான மீட்பு நடந்த இடங்களில், காவல் துறையோ நீதிமன்றமோ பரிமாற்ற நிறுவனத்தைக் கொண்டு காசை முடக்கியிருக்கும். அதற்கு விரைவான புகார் தேவை. இரகசியச் சொற்கள் தேவையில்லை.

இந்தியாவில் கிரிப்டோ நாணயம் சட்டப்படியான பணம் அன்று. அதன் இலாபத்துக்கு 2022-ஆம் ஆண்டு முதல் 30 விழுக்காடு வருமான வரி உண்டு. விலையோ கடலலைபோல ஏறி இறங்குவது. அதை வாங்குங்கள் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் வீட்டில் அண்ணனுக்கோ மாமாவுக்கோ கைப்பேசியில் சிக்கல் என்றால் உங்களைத்தானே கூப்பிடுகிறார்கள்? அப்பொழுது நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: எதையும் அழிக்காதே, யாரையும் கூப்பிடாதே, முகவரியை மட்டும் கொடு, ஏட்டைப் பார்ப்போம். காசு போய்விட்டதாகத் தெரிந்தால் 1930-க்குப் பேசுவோம்.

செய்து பாருங்கள்

1. சாலையில் போகும் கன்டெய்னர் ஒன்றின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டத்துக்குள் உள்ள சரிபார்ப்பு இலக்கம் சரிதானா என்று கணக்கிடுங்கள்.

2. 9797 என்பது எந்த இரு பகா எண்களின் பெருக்கம்? கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று? விடையைப் பெருக்கிச் சரிபார்க்க எத்தனை விநாடி ஆயிற்று? இரண்டையும் ஒப்பிடுங்கள். சாவியைக் காப்பது இந்த வேறுபாடுதான்.